முதலில் செத்துக் காட்டுங்கள்

உக்ரைனில் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து கவிதையோ நாவலோ எழுதிக்கொண்டிருக்கும் அன்பரே, உங்கள் எழுத்து லண்டனிலும் பெர்லினிலும் நியூயார்க்கிலும் பேசப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். தப்பில்லை, பேனா பிடித்த எல்லாருக்கும் உள்ள ஆசைதான். உலக இலக்கியச் சந்தையில் உங்கள் நாட்டுச் சரக்கு எப்போது போணியாகிறது, எப்போது மூலையில் கிடக்கிறது என்று கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். அதை வைத்துச் சில யோசனைகள் சொல்கிறேன். கட்டணம் வேண்டாம்.

முதல் யோசனை: செத்துப் போங்கள்.

முகம் சுளிக்க வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன். லிவிவ் நகரத்துக்காரர் விக்டோரியா அமேலினா 2017-இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் கதை சொல்வது ஒரு பூடில் நாய். போலிஷ் எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் சிறுவயதில் வாழ்ந்த குடியிருப்பில் ஒரு சோவியத் கர்னலின் குடும்பம் வந்து தங்குகிறது. யூதர்களும் போலிஷ்காரர்களும் இல்லாமல்போன அந்த நகரத்தில், பெரியவர்கள் வாய்திறக்காத சங்கதிகளையெல்லாம் நாய் மோப்பம் பிடித்துச் சொல்கிறது. பெரிய காரியம். அப்போது அவரைத் தேடி எந்த நாட்டுத் தொலைக்காட்சி வண்டியும் லிவிவுக்கு ஓடவில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை, நியூயார்க்கில் ஓர் இலக்கிய விழாவே தொடங்கினார். அமெரிக்கா என்று நினைத்துவிடாதீர்கள். தொனெத்ஸ்க் மாகாணத்தில் போர்முனைக்குப் பக்கத்தில் நியூயார்க் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சோவியத் அரசு 1951-இல் மாற்றிய அந்தப் பெயர் 2021-இல் திரும்பக் கிடைத்தது. விழாவும் அதே ஆண்டில். அந்த நியூயார்க்கை 2024-இல் ரஷ்யப் படை பிடித்துக்கொண்டது. அமெரிக்க நியூயார்க்கில் அதற்காக ஒரு விருந்துகூட ரத்தானதாகத் தகவல் இல்லை.

2022-இல் முழுப் போர் வந்ததும் அமேலினா நாவலை மூடிவைத்துவிட்டுப் போர்க்குற்றங்களைப் பதிவு செய்யும் குழுவில் சேர்ந்தார். 2023 ஜூன் 27 அன்று கிராமடோர்ஸ்கில் ஒரு பீட்சா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடன் இருந்தவர்கள் கொலம்பியாவிலிருந்து வந்த எழுத்தாளர், பத்திரிகையாளர் உள்ளிட்டோர். லத்தீன் அமெரிக்காவுக்கு உக்ரைனைப் பற்றி எடுத்துச் சொல்ல வந்தவர்கள், அவர்களுக்குத் துணையாகப் போனவர் இவர். அதாவது நீங்கள் ஆசைப்படும் அதே வேலை, தன் நாட்டை வெளிநாட்டாருக்குப் புரியவைக்கும் வேலை. ரஷ்ய ஏவுகணை அந்தக் கடை மேல் விழுந்தது. அமேலினாவையும் சேர்த்து 13 பேர் செத்தார்கள். அவர் போனது ஜூலை 1 அன்று, மருத்துவமனையில். வயது 37. ஓராண்டு தங்கி எழுதப் பாரிஸில் ஏற்பாடாகியிருந்தது.

அப்புறம் பாருங்கள், உலகத்துக்கு நாக்கு வந்தது. லண்டன் எழுதியது, நியூயார்க் எழுதியது. முடிக்காமல் விட்டுப்போன அவர் புத்தகம் 2025-இல் ஆங்கிலத்தில் வந்தது, மார்கரெட் அட்வுட் முன்னுரையோடு. அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசும் கிடைத்தது. அருமையான புத்தகம்தான், பரிசுக்கு முழுத் தகுதியும் உண்டு. பரிசை வாங்க ஆள்தான் இல்லை.

அந்தப் பெண்மணி தோண்டியெடுத்த இன்னொருவர் கதையும் கேளுங்கள். இஸ்யூம் நகரத்துக்குப் பக்கத்தில் கபித்தோலிவ்கா கிராமத்தில் வொலோதிமிர் வாகுலென்கோ என்ற எழுத்தாளர் இருந்தார். குழந்தைகளுக்கு எழுதியவர். ஆக்கிரமிப்பு நாள்களில் ஒரு நாட்குறிப்பு எழுதி, தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்துவிட்டு, நம்மவர்கள் வந்தால் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தார். 2022 மார்ச்சில் ரஷ்ய ராணுவம் அவரைக் கூட்டிப்போனது. செப்டம்பரில் ஊர் மீண்டதும் அமேலினா அந்த மண்ணைத் தோண்டிக் காகிதங்களை எடுத்தார். வாகுலென்கோவின் உடல் இஸ்யூம் காட்டுப் புதைகுழிகளில் கிடைத்தது, சிலுவையில் 319 என்ற எண்ணோடு. 2023 மே மாதம் சர்வதேசப் பதிப்பாளர் சங்கம் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. நார்வேக்குப் போய் அதை வாங்கிக்கொண்டவர் அமேலினா. ஒரு மாதம் கழித்து அவருக்கும் இதே முறை. செத்தவருக்கான விருதை அடுத்துச் சாகப்போகிறவர் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எந்த விருதுக் குழுவும் திட்டமிட்டதில்லை, தானாக அமைகிறது.

கவிஞரும் சிப்பாயுமான மக்சிம் க்ரிவ்ட்சோவ் 2023-இன் கடைசியில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். பதுங்குகுழியின் துப்பாக்கித் துளை வழியாக உலகத்தைப் பார்க்கும் கவிதைகள். 2024 ஜனவரி 7 அன்று முனையில் கொல்லப்பட்டார். புத்தகம் உடனே விற்றுத் தீர்ந்து மறுபதிப்புக்குப் போனது. எந்த விளம்பர நிறுவனமும் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

செத்த எழுத்தாளரிடம் வேறு சில சௌகரியங்களும் உண்டு. விமானச் செலவு கேட்க மாட்டார். மேடையில் எதிர்த்துப் பேச மாட்டார். பீரங்கிக் குண்டு அனுப்புங்கள் என்று கேட்டு, ஒயின் கோப்பையோடு நிற்கும் கனவான்களைச் சங்கடப்படுத்த மாட்டார். படத்தில் புன்னகையோடு இருப்பார். யாருக்குத்தான் பிடிக்காது?

இது பழைய வழக்கம்தான். 1920-களில் கார்கிவ், கீவ் நகரங்களில் ஒரு தலைமுறை எழுந்தது. நாடகத்தில் லெஸ் குர்பாஸ், மிகோலா குலிஷ். கவிதையில் மிகோலா ஸெரோவ். நாவலில் வலெரியன் பித்மோகில்னி. நால்வரையும் 1937 நவம்பர் 3 அன்று கரேலியாவின் சாந்தர்மோக் காட்டில் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். ஓவியத்தில் ஒரு பள்ளியையே உருவாக்கிய மிகைலோ போய்சுக்கை அதே ஆண்டு ஜூலையில் சுட்டார்கள். அவரும் மாணவர்களும் சுவர்களில் தீட்டியதை அழித்தார்கள். இந்தத் தலைமுறையை ஒரே தொகுப்பாகப் போட்டு, 'சுட்டுக்கொல்லப்பட்ட மறுமலர்ச்சி' என்று பெயர் வைத்தது 1959-இல், பாரிஸில் இருந்த ஒரு போலிஷ் பதிப்பகம். மாஸ்கோ சுடும், பாரிஸ் பெயர் வைக்கும். நல்ல வேலைப் பங்கீடு. வாகுலென்கோ நாட்குறிப்புக்கு முன்னுரை எழுதும்போது, அந்த மறுமலர்ச்சியின் புதுப் பதிப்புக்குள் தான் நிற்கிறேன் என்று அமேலினா பயந்தார். வீண் பயம் என்று அப்போது யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

சரி, சாக இஷ்டமில்லை, உயிரோடுதான் மேடை ஏறுவேன் என்று அடம்பிடிக்கிறீர்கள். அதற்கும் வழி உண்டு. நிபந்தனைகள்தான் கொஞ்சம் அதிகம்.

உங்கள் ஊரில் போர் 2014-லேயே தொடங்கிவிட்டது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், கூட்டம் குழம்பிவிடும். லுபா யாகிம்சுக் லுகான்ஸ்க் மாகாணத்தில் பிறந்தவர். தன் ஊர் குண்டுபட்டுச் சிதைந்ததை வைத்து 2015-லேயே 'தொன்பாஸின் ஆப்ரிகாட் பழங்கள்' என்ற கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். செர்ஹி ஜதானின் 'இன்டர்நாட்' 2017-இல் வந்த நாவல். எனக்கு அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கிய ஒரு பள்ளி ஆசிரியர், முனைக்கு நடுவே மாட்டிக்கொண்ட விடுதியிலிருந்து சகோதரியின் மகனைக் கூட்டிவர மூன்று நாள் அலைகிறார். ஐரோப்பாவுக்கே எழுதிய எச்சரிக்கைக் கடிதம் போன்ற புத்தகம். எட்டு வருஷம் கதவைத் தட்டியும் வீட்டில் ஆள் இல்லை. 2022 ஏப்ரல் 3 அன்று அதே யாகிம்சுக் லாஸ் வேகாஸில் கிராமி விருது மேடையில் நின்றார். ஜான் லெஜண்ட் பியானோ வாசித்தார், பின்னணியில் விளக்கு, லட்சக்கணக்கான பார்வையாளர். கவிஞருக்குக் கிடைத்தது சில வரிகளுக்கான நேரம். கீவுக்குப் பக்கத்துப் பூச்சா நகரத் தெருக்களில் கிடந்த பிணங்களின் படங்கள் உலகத்துக்கு வந்துகொண்டிருந்த அதே வாரக்கடைசி. ஏழு வருஷக் கவிதைக்கு உலகம் கொடுத்த நேரம் ஒரு சூயிங்கம் விளம்பரத்தின் நேரம். அதையும் அவர் கண்ணியமாகப் பயன்படுத்திக்கொண்டார். வெட்கப்பட வேண்டியவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்து, எதைப் பற்றி எழுதுவது? காதல் வேண்டாம். நகைச்சுவை கூடவே கூடாது. யூரி அந்த்ருகோவிச் 1990-களில் குடியும் கூத்தும் கேலியுமாக எழுதிய நாவல்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் சிரிப்பது விழா ஏற்பாட்டாளருக்குப் புரியாது. பூவேலைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கண் கலங்கட்டும், குரல் உடையக்கூடாது, ஒலிபெருக்கிக்கு நல்லதல்ல. நெறியாளர் கடைசியில் கட்டாயம் கேட்பார்: இவ்வளவுக்கும் நடுவே நம்பிக்கை எங்கே இருக்கிறது? வான்பாதுகாப்பு ஏவுகணையில் இருக்கிறது என்று சொல்லிவைக்காதீர்கள். குழந்தைகளின் கண்ணில் இருக்கிறது என்று சொல்லுங்கள். மதிய உணவு கிடைக்கும்.

மிக முக்கியமான நிபந்தனைக்கு வருகிறேன். தனியாக வராதீர்கள், கூட ஒரு ரஷ்யர் வேண்டும்.

உங்களைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால் மேற்கத்திய மனசாட்சிக்கு முதுகு வலிக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு ரஷ்யர் இருந்தால் போதும், வலி போய்விடும். பூச்சா தெரியவந்து இரண்டு வாரம்கூட ஆகாத பெரிய வெள்ளியன்று, 2022 ஏப்ரல் 15-இல், ரோமாபுரியில் போப்பாண்டவரின் சிலுவைப் பாதையில் ஒரு உக்ரைனியப் பெண்ணும் ஒரு ரஷ்யப் பெண்ணும் சேர்ந்து சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலுவையில் யார் அறைந்தார், யார் அறையப்பட்டார் என்ற அற்ப விவரத்தைக் கேட்காத அளவுக்கு அது ஆன்மிகமான காட்சி. அக்டோபரில் நோபல் சமாதானப் பரிசும் அதே மாதிரி: உக்ரைனிய அமைப்பு ஒன்று, ரஷ்ய அமைப்பு ஒன்று, பெலாரூஸிலிருந்து ஒருவர். மூவருமே தகுதியானவர்கள், மெமோரியல் அமைப்பு ரஷ்யாவில் பட்ட பாடு சாதாரணமல்ல. ஆனாலும் ஒரே பந்தியில் இலை போட்டுச் சமாதானம் பரிமாறும் அந்த அவசரம் இருக்கிறதே! பரிசு அறிவித்த மூன்றாம் நாள் கீவ் நகர மையத்தில் ஏவுகணைகள் விழுந்தன.

2023 மே மாதம் நியூயார்க்கில், அமெரிக்க நியூயார்க்கில்தான், எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்காவின் உலகக் குரல்கள் விழா. ஆர்தெம் சாப்பை, ஆர்தெம் செக் என்ற இரு எழுத்தாளர்கள் உக்ரைன் ராணுவத்தில் சேவையில் இருந்தவர்கள். படையின் அனுமதியோடு வந்து இறங்கினார்கள். அதே விழாவில் நாடுகடந்து வாழும் ரஷ்ய எழுத்தாளர்களின் அமர்வும் இருந்தது. அது இருந்தால் நாங்கள் இல்லை என்றார்கள் உக்ரைனியர்கள். ரஷ்ய அமர்வு ரத்தானது. அதை எதிர்த்து அமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்து ரஷ்ய-அமெரிக்க எழுத்தாளர் மாஷா கெஸன் விலகினார். பிறகு வாரக்கணக்கில் கருத்துச் சுதந்திரம் பற்றிக் கட்டுரைகள். புதினை எதிர்த்து வீடு இழந்த ரஷ்யர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சண்டையில் உக்ரைனியர்கள் கேட்டது முழுக்க நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். எரிச்சல் வேறு இடத்தில். அத்தனை கட்டுரைகளில், பதுங்குகுழியிலிருந்து அட்லாண்டிக் தாண்டி வந்த அந்த இருவரும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பத்தியாவது எழுதத் தோன்றியவர் எத்தனை பேர்? புத்தகம் எதற்கு? தகராறு கிடைத்துவிட்டதே.

உங்கள் பக்கத்திலும் கோமாளித்தனம் இல்லாமலில்லை. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் சைபீரியாவில் நடக்கும் ஒரு நாவல் எழுதியிருப்பதாக அறிவித்ததும், இன்னும் அச்சேறாத அந்தப் புத்தகத்துக்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொட்டிக் குவித்தீர்கள். அவரும் பயந்து நாவலைத் தள்ளிவைத்துவிட்டார். இதனால் ஒரு ரஷ்ய பீரங்கிகூட நின்றதாகத் தெரியவில்லை. வராத ஓர் அமெரிக்க நாவலுக்குக் கிடைத்த பத்திரிகை இடம், வந்த உங்கள் நாவல்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் மிச்சம்.

உங்கள் அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. பிரிட்டிஷ் கவுன்சில் 1934-இலும் கோத்தே நிறுவனம் 1951-இலும் கடை திறந்தவை. ரஷ்யாவின் பண்பாட்டு மையங்கள் உலகமெங்கும் உண்டு, சென்னை கஸ்தூரிரங்கன் சாலையிலும் ஒன்று இருக்கிறது. உக்ரைன் 1991-இல் சுதந்திரம் பெற்றது. வெளிநாட்டில் தன் கலையைக் காட்ட ஒரு நிறுவனம் வேண்டும் என்று தோன்றியது 2017-இல். இடைப்பட்ட 26 வருஷமும் வெளிநாட்டார் பார்வைக்குக் கிடைத்தது, தூதரக வரவேற்பறையில் சூரியகாந்திப் பூவும் பானை ஓவியமும். இந்த இடைவெளியில் ஓவியர் மாலெவிச்சை ரஷ்யர் என்றார்கள், கோகலை ரஷ்யர் என்றார்கள், மறுத்துச் சொல்ல ஒரு குமாஸ்தாகூட இல்லை.

இப்போது நிறுவனம் வந்தாயிற்று, நன்றாகவே வேலை செய்கிறார்கள். ஆனால் 18 முதல் 60 வயது ஆணாக எழுத்தாளர் இருந்தால், போர்க்காலச் சட்டப்படி எல்லை தாண்ட முடியாது. 2025-இல் 22 வயது வரைக்கும் தளர்த்தினார்கள். 22 வயதுக்குள் எவன் நாவல் எழுதி முடித்தான்? கலாசார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும், ராணுவப் பதிவுத் தாள்கள் வேண்டும், எல்லையில் காவலர் மேலும் கீழும் பார்ப்பார். சிலர் விழாவுக்கென்று போய்த் திரும்பாமல் இருந்துவிட்டதால் சோதனை இன்னும் கடுமை. அனுமதி வந்து சேரும்போது விழா முடிந்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் படை அது. ஜதானே 2024-இல் தேசியக் காவல்படையின் ஹார்த்தியா பிரிகேடில் சேர்ந்துவிட்டார். ஜெர்மன் புத்தக வணிகத்தின் சமாதானப் பரிசு வாங்கிய கவிஞர் சீருடையில் நிற்கிறார். சமாதானப் பரிசு கொடுத்த நாட்டில் அது எப்படித் தகும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வீட்டுக் கூரையில் இதுவரை டிரோன் எதுவும் விழவில்லை.

ஓவியம் பக்கம் வருவோம். எட்கர் டெகா நூறாண்டுக்கும் முன் வரைந்த நடனப் பெண்களின் ரிப்பனில் நீலமும் மஞ்சளும் பளிச்சென்று இருக்கின்றன. லண்டன் நேஷனல் கேலரி அதற்கு வைத்திருந்த பெயர் 'ரஷ்ய நடனக்காரிகள்'. 2022 ஏப்ரலில், மரியுபோல் எரிந்துகொண்டிருந்தபோது, 'உக்ரைனிய நடனக்காரிகள்' என்று திருத்தினார்கள். மிகப் பெரிய உதவி. ஒரு நாட்டை முழுதாக விழுங்க வந்தவன் படை அனுப்பினால், பதிலுக்கு அருங்காட்சியகம் பெயர்ச்சீட்டு அனுப்புகிறது.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். சில பேர் நிஜமாகவே ஓவியங்களைத் தோளில் சுமந்தார்கள். 2022 வெனிஸ் பியன்னாலேயில் உக்ரைனின் கலைப்படைப்பு பாவ்லோ மாகோவின் 'வற்றும் நீரூற்று': ஒன்றன்கீழ் ஒன்றாக 78 உலோகப் புனல்கள், மேலே ஊற்றும் தண்ணீர் பிரிந்து பிரிந்து அடியில் சொட்டாக வந்து சேரும். போர் தொடங்கியதும் காப்பாளர் மரியா லான்கோ அந்தப் புனல்களைக் காரில் அடைத்துக்கொண்டு கீவிலிருந்து வெளியேறி ஐரோப்பா சேர்ந்தார். கலைஞர் அப்போது கார்கிவில் குண்டுக்கு ஒதுங்கிக் கிடந்தார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, 1900 முதல் 1930-கள் வரையிலான உக்ரைனிய நவீன ஓவியங்கள் இரண்டு லாரிகளில் கீவை விட்டுக் கிளம்பின. சில மணி நேரத்தில் நகரத்தின் மேல் போரின் மிகப் பெரிய ஏவுகணைத் தாக்குதல்களில் ஒன்று. லாரிகள் போலந்து எல்லையை நெருங்கியபோது எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஏவுகணை விழுந்து, எல்லையே மூடிக்கிடந்தது. இரண்டு வாரத்தில் மத்ரித் நகரத்தில் கண்காட்சி திறந்தார்கள். பிறகு கொலோன், பிரஸ்ஸல்ஸ், வியன்னா, லண்டன் என்று ஊர் ஊராகப் போனது. பார்த்தவர்கள் சொன்ன பெரிய பாராட்டு, இதெல்லாம் ரஷ்ய ஓவியம் என்றல்லவா நினைத்திருந்தோம் என்பது.

மாஸ்கோவும் தன் பங்குக்கு உக்ரைனியக் கலையை வெளியூர் கொண்டுபோகிறது. அதே நவம்பர் தொடக்கத்தில் ஹெர்சோன் ஓவிய அருங்காட்சியகத்தைக் காலி செய்து, 10,000-க்கு மேற்பட்ட படைப்புகளை லாரிகளில் போட்டுக் கிரிமியாவுக்குக் கொண்டுபோனது. பாதுகாப்புக்காகவாம். இவ்வளவு பெரிய அளவில் உக்ரைனியக் கலையைப் 'பகிர்ந்துகொண்ட' நிறுவனம் வேறு இல்லை. ஹெர்சோனின் இசைக்குழு நடத்துநர் யூரி கெர்பத்தென்கோ ஆக்கிரமிப்பாளர்களின் கச்சேரியில் கலந்துகொள்ள மறுத்தார். வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். மரியுபோல் நாடக அரங்கின் முன்தரையில், உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வானத்துக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதியிருந்தும் 2022 மார்ச் 16-இல் குண்டு போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இடிபாட்டைச் சுற்றிப் பெரிய திரை கட்டினார்கள். திரையில் புஷ்கின், தல்ஸ்தோய், கோகல். பிணவாடையை மறைக்க மாபெரும் ரஷ்ய இலக்கியம். இதைப் படமெடுத்த பிறகும் கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று பேச வாய் வருகிறவர்களை என்ன சொல்வது? அகராதியில் இருக்கும் சொற்கள் இந்தப் பத்திரிகையில் அச்சிட ஏற்றவையல்ல.

கார்கிவில் ஃபாக்தோர் துருக் நாட்டின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்று. 2024 மே 23 அன்று அதன் மேல் ஏவுகணை விழுந்து ஏழு தொழிலாளர்கள் செத்தார்கள். சுமார் 50,000 புத்தகங்கள் எரிந்தன. ஒரு வாரத்தில் கீவ் புத்தக விழா. கருகிய பிரதிகளை அங்கே கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். அச்சகத்தில் பைண்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் எந்த இலக்கிய விருதுப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

அதே 2024 மார்ச்சில் மிஸ்திஸ்லாவ் செர்னோவின் ஆவணப்படம் 'மரியுபோலில் 20 நாள்கள்' ஆஸ்கர் வாங்கியது, உக்ரைனுக்கு முதல் ஆஸ்கர். இந்தப் படத்தை எடுக்கவே நேர்ந்திருக்கக் கூடாது என்று மேடையில் சொன்ன முதல் இயக்குநர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். வெளிநாடுகளுக்கான சுருக்க ஒளிபரப்பில் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார்கள். நேரப் பற்றாக்குறை. அதே ஆண்டு செப்டம்பரில், ரஷ்யச் சிப்பாய்களின் மனவேதனையைக் காட்டும் ஆவணப்படத்துக்கு வெனிஸ் விழாவிலும் டொராண்டோ விழாவிலும் நேரம் இருந்தது. கனடா பொதுப்பணமும் அந்தப் படத்துக்கு இருந்தது. 2014-இல் கிழக்கு உக்ரைன் பிரிவினைவாதத் தலைவரோடு கொடி பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, தொனெத்ஸ்க் அரங்குக்கு நிதியும் கொடுத்த ரஷ்ய ஆபராப் பாடகி அன்னா நெத்ரெப்கோ, 2022-இல் போரைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டார். 2025 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆபரா ஹவுஸின் பருவத்தைத் திறந்துவைத்தார். வெளியே உக்ரைனியர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். உள்ளே பாட்டு நடந்தது.

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. உலகமே கிறிஸ்துமஸுக்குப் பாடும் 'காரல் ஆஃப் தி பெல்ஸ்' மிகோலா லியோன்டோவிச் அமைத்த உக்ரைனியப் பாட்டு. 1919-இல் அன்றைய உக்ரைன் தலைவர் சிமோன் பெத்லியூரா, எங்கள் நாட்டை அங்கீகரியுங்கள் என்று கேட்பதற்காக ஒலெக்சாந்தர் கோஷிட்ஸ் தலைமையில் ஒரு பாடகர் குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பாட்டுக்கு எல்லா ஊரிலும் கைதட்டல், நாட்டுக்குக் கேட்ட அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1921 ஜனவரியில் சோவியத் ரகசியப் போலீஸான சேக்காவின் ஆள் ஒருவன் லியோன்டோவிச்சின் அப்பா வீட்டில் இரவு தங்க இடம் கேட்டுத் தங்கி, விடிகாலையில் அவரைச் சுட்டுக் கொன்றான். 1922 அக்டோபரில் குழு கார்னெகி ஹாலில் அந்தப் பாட்டைப் பாடியபோது அனுப்பிய நாடே இல்லை. 1936-இல் ஆங்கில வார்த்தைகள் போட்டு அமெரிக்கர்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். வார்த்தைகளில் உக்ரைன் இல்லை. ஒரு நூறாண்டாகக் கேட்கிறது உலகம், யார் பாட்டு என்று கேட்கத்தான் ஏவுகணை தேவைப்பட்டது.

இவ்வளவும் வெள்ளைக்காரன் பாடு என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தமிழ் வாசகரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சடித்து அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கி வளர்ந்த கூட்டம் நாம். நல்ல புத்தகங்கள், மலிவு விலை. நானும் அந்தச் சோற்றைத் தின்றவன்தான். 'வீரம் விளைந்தது' நாவலைப் படித்துவிட்டுப் பாவெல் கர்ச்சாகினாக மாறத் துடித்த தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பாவெல் வளர்ந்த ஷெபெதிவ்கா எந்த நாட்டில் இருக்கிறது தோழர்? எழுதிய ஒஸ்த்ரோவ்ஸ்கி எங்கே பிறந்தார்? உக்ரைனில். நாம் 'ரஷ்ய இலக்கியம்' என்ற ஒரே அலமாரியில் அடுக்கிய கோகலும் அங்கே பிறந்தவர்தான், புல்ககோவும் பாபெலும் அங்கே பிறந்தவர்கள்தான். ஒரு பேரரசு தன் விலாசத்தை ஒட்டி அனுப்பிய பார்சலை, உள்ளே என்ன, எங்கிருந்து என்று கேட்காமல் வாங்கினோம். இன்று அந்த நாட்டின் மேல் குண்டு விழும்போது, இரு பக்கமும் நியாயம் உண்டு, நேட்டோதான் காரணம் என்று கட்டுரை எழுதுகிறோம். ஏகாதிபத்தியம் வாஷிங்டனில் மட்டும் விளையும் பயிர் என்று நமக்கு யார் சொன்னது? மாஸ்கோதான் சொன்னது, மலிவு விலையில்.

சென்னைப் புத்தகக் காட்சியில் தாஸ்தாயெவ்ஸ்கி எத்தனை மொழிபெயர்ப்பில் கிடைக்கிறார் என்று எண்ணுங்கள். அப்படியே அடுத்த கடையில் ஜதானோ ஒக்சானா ஸபூஷ்கோவோ சோஃபியா அந்த்ருகோவிச்சோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

பதிப்பாளர்களே, உங்களிடம்தான் கடைசியாக. உக்ரைன் புத்தக நிறுவனம் 2020 முதல் வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கு மொழிபெயர்ப்பு உதவித்தொகை தரும் திட்டம் வைத்திருக்கிறது. ஜதான், ஸபூஷ்கோ, யாகிம்சுக் எல்லாரும் ஆங்கிலத்தில் கிடைக்கிறார்கள். மாஸ்கோ காசு கொடுத்தபோது பல பத்தாண்டுகள் முதுகு ஒடிய மொழிபெயர்த்த மொழி நம்முடையது. கீவுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். இந்த ஆண்டே போடுங்கள், உயிரோடு இருக்கிறவர்களின் புத்தகத்துக்கு.